கீரையும் சாக்கடையும்: ‘பாதுகாப்பு’ என்னும் சொல்லாடலின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

“சாக்கடத் தண்ணியில வெளஞ்ச கீரயத் திங்கலாமா?” நகரத்தில் வாழும் எவரும் என்றைக்காவது ஒருநாள் கேட்டிருக்கக்கூடிய கேள்விதான் இது. ஆம், இல்லை என்று ஒரு வார்த்தையில் பதில் சொல்லிவிடலாம் போலத் தோன்றும். ஆனால் இவ்வாக்கியத்தின் அமைப்பைச் சற்று உற்றுப் பாருங்கள். இதில் எழுவாய் யார்? தின்பவர். கீரையை விளைவித்தவர் இவ்வாக்கியத்தில் இல்லை. சாக்கடையை நிரப்பியவரும் இல்லை. ‘வெளஞ்ச’ என்கிற பெயரெச்சத்துக்குள் ஓர் உழைப்பு முழுவதும் மறைந்துபோகிறது; கீரை என்னமோ தானாகவே முளைத்துக் கட்டுகட்டாகச் சந்தைக்கு நடந்து வந்துவிட்ட மாதிரி.

நான் தமிழ் படித்தவன். நுண்ணுயிரியல் என் துறையன்று. ஒரு கேள்வி எப்படிக் கேட்கப்படுகிறது, அப்படிக் கேட்கப்படும்போது யாரெல்லாம் விடுபட்டுப்போகிறார்கள் என்று பார்ப்பது எனக்குத் தெரிந்த வேலை. நகரக் கழிவுநீரில் காய்கறி விளைவித்த சுமார் 150 ஆண்டுக்கால வரலாற்றின்மேல் அந்த வேலையைச் செய்துபார்க்கும் முயற்சி இது.

இதில் இரண்டு தரப்புகள் உண்டு. மூக்கைப் பிடித்துக்கொண்டு ‘தடை செய்’ என்பது ஒன்று. ‘ஆகா, இயற்கையின் மறுசுழற்சி, ஏழை உழவனின் மரபறிவு’ என்று உருகுவது மற்றொன்று. முதல் தரப்பு நமக்குப் பழக்கமான நடுத்தர வர்க்கக் குரல். இரண்டாவது குரல் நம் நண்பர்களிடமிருந்தே வருவதால் அதனோடுதான் எனக்குச் சண்டை அதிகம்.

1

கழிவு, எரு என்ற இரு சொற்களுக்கும் இடையிலான தூரத்தை இயற்கை வகுக்கவில்லை. தமிழில் ‘உரம்’ என்றால் வலிமை; மண்ணுக்கு வலுவூட்டுவது எதுவோ அது உரம். திருக்குறளின் உழவு அதிகாரம் உழுவதைக் காட்டிலும் எருவிடுவதை மேலாக வைக்கிறது. ‘கழிவு’ என்பதோ கழிக்கப்பட்டது, கணக்கிலிருந்து நீக்கப்பட்டது. ஒரே பொருள் கொல்லைக்குப் போனால் எரு. தெருவுக்கு வந்தால் கழிவு. மானிடவியலாளர் மேரி டக்ளஸ் 1966இல் வெளிவந்த தமது நூலில் இதைத்தான் கோட்பாடாக்கினார்: அழுக்கு என்பது ஒரு பொருளுக்குள் இருக்கும் குணம் என்பதைவிட, பொருள்களுக்கு ஒரு சமூகம் வகுத்து வைத்திருக்கும் இட ஒழுங்கைப் பற்றிய செய்தி. சாதிச் சமூகத்தில் பிறந்த நமக்கு இதைச் சொல்லித்தர டக்ளஸ் தேவையில்லை.

19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் இந்த இட ஒழுங்கு குலைந்தது. வயலிலிருந்து தானியம் நகரத்துக்கு வந்தது. நகரத்திலிருந்து வயலுக்கு எதுவும் திரும்பிப் போகவில்லை. மண்ணின் சத்து கொள்ளைபோவதாக வேதியியலாளர் லீபிக் எச்சரித்தார். விக்தர் ஹ்யூகோ தமது ‘லே மிசராப்ள’ (1862) நாவலில் கதையை நிறுத்திவைத்துவிட்டு, பாரீஸ் ஆண்டுக்கு இரண்டரைக் கோடி பிராங்கைச் சாக்கடை வழியாகக் கடலில் எறிகிறது என்று கணக்குப் போட்டார். 45 லட்சம் பேரின் மலத்தைக் கொண்டு தேம்ஸ் நதியை நாசப்படுத்துவதைத் தவிர லண்டனின் முதலாளியத்துக்கு வேறு வழி தெரியவில்லை என்று மார்க்ஸ் ‘மூலதனம்’ மூன்றாம் தொகுதியில் சாடினார்.

கவனியுங்கள்: கவிஞரும் வேதியியலாளரும் புரட்சியாளரும் பேசிய மொழி ஒன்றுதான். அது இழப்பின் மொழி, கணக்கின் மொழி. தின்பவனின் பயம் அதில் இன்னும் நுழையவில்லை.

1860களின் இறுதியில் மீல், துய்ரான் கிளே என்ற இரு பொறியாளர்கள் பாரீஸின் சாக்கடை நீரை ழென்வில்லியே என்ற மணற்பாங்கான சமவெளியில் பாய்ச்சிச் சோதித்தார்கள். ஒன்றுக்கும் உதவாத நிலம் காய்கறித் தோட்டமாயிற்று. 1876 முதல் பெர்லினும் இதே வழியில் இறங்கியது. பாரீஸில் 1894ஆம் ஆண்டுச் சட்டம் வீடுகளையெல்லாம் சாக்கடையோடு இணைக்கச் சொன்னது. 1895இல் அஷேர் பண்ணை தொடங்கியது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரீஸைச் சுற்றிச் சுமார் 5000 ஹெக்டேரில் சாக்கடை பாய்ந்துகொண்டிருந்தது.

எதிர்ப்பு இல்லாமலில்லை. எதிர்த்தவர்களில் ஒருவர் லூயி பாஸ்தர். கிருமிக் கோட்பாட்டை நிறுவியவரே, கழிவுநீரைக் கடலுக்குக் கொண்டுபோய் விடுங்கள் என்றார். இங்குதான் பேச்சின் மொழி மாறுகிறது. பிராங்குக்குப் பதிலாகக் கிருமி. இழப்புக்குப் பதிலாக ஆபத்து. ‘பாதுகாப்பு’ என்ற சொல்லாடல் பிறக்கும் தருணம் இது.

2

இந்த வரலாறு நம் பக்கத்தில் வேறு மாதிரி நடந்தது. கல்கத்தாவை எடுத்துக்கொள்வோம்.

நகரத்தின் மேற்கே ஹூக்ளி நதி. ஆனால் நிலம் சரிவது கிழக்கே, உப்பு ஏரிகள் இருந்த சதுப்பை நோக்கி. இதைப் புரிந்துகொண்டு சாக்கடையைக் கிழக்கே திருப்பும் திட்டத்தை வகுத்தவர் பொறியாளர் வில்லியம் கிளார்க். 1859இல் தொடங்கிய வேலை 1875இல் முடிந்தது. 1860களில் தாப்பா என்ற இடத்தில் ஒரு சதுர மைல் நிலம் நகரக் குப்பைக்கென்று ஒதுக்கப்பட்டது. குப்பையை ஏற்றிச் செல்ல நகராட்சிக்கென்று தனியாக ஒரு ரயிலே ஓடியது. 1870களின் இறுதியில் பபநாத் சென் என்பவர் அந்நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக் காய்கறி போட ஆரம்பித்தார்.

தாப்பாவின் வயல் அமைப்பு விசித்திரமானது. மக்கிய குப்பை மேடுகள் நீள வரிசையாக. அவற்றுக்கிடையே வாய்க்கால் மாதிரி நீண்ட குட்டைகள். குட்டையில் சாக்கடை நீர் தேங்கி நிற்கும். மேட்டில் காலிஃபிளவரும் முட்டைக்கோசும் கத்தரியும் கீரையும். குட்டையிலிருந்து மொண்டு மொண்டு செடிக்கு ஊற்றியவர்கள் மனிதர்கள். இன்னும் கிழக்கே போனால் மீன் குட்டைகள். கழிவுநீரில் மீன் வளர்ப்பது 1930களில் அங்கே பரவலாயிற்று.

பாரீஸில் அரசு பணம் போட்டது; குழாய் பதித்தது; பொறியாளர்களை அனுப்பியது. காலனியக் கல்கத்தாவிலோ சாக்கடையைக் கொண்டுபோய்த் தள்ளியதோடு அரசின் வேலை முடிந்தது. அதைச் சுத்திகரித்தவர்கள் அங்கே பிழைக்கவந்த குடியானவர்களும் மீனவர்களும். பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியினர். ஆழம் குறைந்த குட்டையில் நீரைத் தேக்கினால் வெயிலும் பாசியும் கிருமிகளைக் கொல்லும், புழுமுட்டைகள் அடியில் படியும் என்று பிற்காலத்துப் பொறியியல் நூல்கள் விளக்கியதை அவர்கள் கையாலும் காலாலும் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள்.

இதை வெளியுலகுக்குச் சொன்னவர் துருபஜோதி கோஷ் (1947–2018). மாநில அரசின் பொறியாளர். 1981 வாக்கில் நகரத்தின் கழிவுநீர் எங்கேதான் போகிறது என்று தேடிப்போனவர், அப்படியே அந்த மக்களோடு தங்கிவிட்டார் என்றே சொல்லலாம். ‘கிழக்குக் கல்கத்தா ஈரநிலம்’ என்ற பெயரே அவர் கொடுத்ததுதான். வணிக மையம் கட்டும் திட்டத்துக்கு எதிரான வழக்கில் 1992இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் ஈரநிலத்தைக் காத்தது. 2002இல் 12,500 ஹெக்டேர் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. மாநகரத்திலிருந்து நாளொன்றுக்கு 70 கோடி லிட்டருக்கும் மேற்பட்ட கழிவுநீர் இப்பகுதிக்கு வருகிறது. இவ்வளவு நீருக்கு நிலையம் கட்டி மின்சாரம் கொடுத்துச் சுத்திகரிக்க மாநகராட்சி செலவழித்திருக்க வேண்டிய தொகையைக் கணக்குப் பண்ணிப் பாருங்கள். அந்தத் தொகையை யாருடைய உடல்கள் செலுத்திக்கொண்டிருக்கின்றன என்று கேட்டால் கதை சிக்கலாகிவிடும்.

3

நம் நண்பர்கள் பெரும்பாலும் இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஈரநிலத்துக்கு ஒரு வாழ்த்துப்பா பாடி முடித்துவிடுகிறார்கள். கிருமியைப் பற்றிப் பேசினாலே அது மேட்டுக்குடி அச்சம், மேற்கத்திய மருத்துவ அதிகாரம் என்று தள்ளிவிடும் ஒரு பழக்கம் நம்மிடையே உண்டு. ஃபூக்கோவை அரைகுறையாகப் படித்ததால் வரும் வியாதி இது. மருத்துவப் பேச்சில் அதிகாரம் இருக்கிறது என்பதற்காகப் புழு பொய்யாகிவிடாது.

ஜெருசலேம் நகரத்தின் கதையைக் கேளுங்கள். 1935 முதல் 1947 வரை அங்கு பரிசோதிக்கப்பட்டவர்களில் சுமார் 35 சதவீதம் பேருக்கு வயிற்றில் உருண்டைப்புழு இருந்தது. நகரத்தின் கழிவுநீர் பாய்ந்த பள்ளத்தாக்குகளில் விளைந்த பச்சைக் காய்கறிகளை எல்லோரும் தின்றார்கள். 1948 போரில் நகரம் இரண்டாகியது. கிழக்குப் பகுதியின் காய்கறி மேற்குக்கு வருவது நின்றது. மேற்குப் பகுதியில் புழு சுமார் 1 சதவீதத்துக்கு இறங்கிற்று. 1967 போரில் இஸ்ரேல் கிழக்கைக் கைப்பற்றியதும் காய்கறி மறுபடி மேற்கே வரத் தொடங்கியது. புழுவும் 12 சதவீதமாக ஏறியது. 1970இல் அங்கு காலரா வந்தது. கச்சாக் கழிவுநீரில் விளைந்த கீரை வகைகள் வழியாக அது பரவியது கண்டறியப்பட்டது. அப்பாசனம் தடுக்கப்பட்டதும் புழு மீண்டும் 1 சதவீதத்துக்கும் கீழே போய்விட்டது. எந்த ஆய்வுக்கூடமும் இவ்வளவு பெரிய சோதனையை நடத்தியிருக்க முடியாது. இரண்டு போர்கள் நடத்திக் கொடுத்தன.

அடுத்து சிலி நாட்டின் சாந்தியாகோ. 1970களின் பிற்பகுதியிலும் 80களிலும் அந்நகரத்தில் டைபாய்டு மலிந்திருந்தது. உச்சத்தில் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேருக்கு ஏறத்தாழ 200 பேர். வீடுகளில் நல்ல குடிநீர் இருந்தது, கழிப்பறை இருந்தது. ஆனாலும் டைபாய்டு போகவில்லை. காரணம், நகரத்தின் சாக்கடை சுத்திகரிக்கப்படாமல் புறநகர்த் தோட்டங்களுக்குப் பாய்ந்ததுதான். கோடைதோறும் பச்சையாகத் தின்ற கீரை வகைகளோடு அது தட்டுக்குத் திரும்பிவந்தது. ஆய்வாளர்கள் இதைச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். ராணுவ ஆட்சி பெரிதாக அசையவில்லை. 1991இல் பக்கத்து நாடான பெருவில் காலரா வெடித்தது; அந்த ஓராண்டில் மட்டும் அங்கு 3 லட்சத்துக்கும் அதிகமானோர் நோயுற்றனர். சிலியில் வந்ததோ 41 பேருக்குத்தான். உடனே அரசு கச்சாச் சாக்கடைப் பாசனத்தைத் தடுத்தது, தோட்டங்களை அழித்தது. காலரா நின்றது. கூடவே டைபாய்டும் சரிந்தது.

ஆக, ஆபத்து உண்மை. சமைக்காமல் தின்னும் காய்கறிக்குக் கச்சாச் சாக்கடையைப் பாய்ச்சினால் நோய் வரும். இதை மறைத்துவிட்டு மரபறிவு பேசுவது நேர்மையாகாது. ஆனால் சாந்தியாகோ இன்னொன்றையும் சொல்கிறது. பல்லாண்டு டைபாய்டுக்கு அசையாத அரசு, 41 காலரா நோயாளிகளுக்கு அசைந்தது. டைபாய்டு உள்ளூர் நோய். காலராவோ பழ ஏற்றுமதியை நம்பியிருந்த ஒரு நாட்டின் பெயரை உலகச் சந்தையில் கெடுத்துவிடக்கூடிய நோய். எந்த ஆபத்து ‘ஆபத்து’ என்று பெயர் பெறுகிறது என்பதை நோய்க்கிருமி தனியாகத் தீர்மானிப்பதில்லை.

4

ஆபத்துக்குப் பெயர் வைத்ததும் அடுத்து அதற்கு ஓர் எண் வேண்டும். பாசன நீரில் எத்தனை கிருமி இருக்கலாம்?

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம் 1918இலேயே விதிகள் வகுத்தது. அவை இறுகிக்கொண்டே போய் 1978இல், பச்சையாகத் தின்னும் பயிருக்கான நீரில் 100 மில்லிக்கு 2.2 கோலிஃபார்ம் என்று வந்து நின்றன. கோலிஃபார்ம் என்பது மலம் கலந்திருப்பதைக் காட்டிக்கொடுக்கும் அடையாளக் கிருமி. 2.2 என்றால் கிட்டத்தட்டக் குடிநீர். இத்தனை கிருமியால் இத்தனை பேருக்கு நோய் என்ற கணக்கிலிருந்து வந்த எண் அன்று இது. பணக்கார மாநிலத்தின் தொழில்நுட்பத்தால் எது முடியுமோ அது. உலக சுகாதார நிறுவனம் 1973இல் அதைக் கொஞ்சம் தளர்த்தி 100 என்றது.

அதே காலத்தில் ஐரோப்பாவில் நடந்ததையும் சேர்த்துப் பாருங்கள். ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் 1976இல் குளிக்கும் கடற்கரைகளுக்கும் ஆறுகளுக்கும் ஒரு வரம்பு விதித்தது: 100 மில்லிக்கு 2000 மலக் கோலிஃபார்ம் வரை இருக்கலாம். அதாவது ஐரோப்பியர் இறங்கி நீந்தலாம், வாய்க்குள்ளும் கொஞ்சம் போகலாம். அதே தண்ணீரை மூன்றாம் உலகக் குடியானவர் கோசுச் செடிக்கு ஊற்றக் கூடாது! ஆங்கே அது நதி, இங்கே அது சாக்கடை. பெயர் செய்யும் வேலை இதுதான்.

இந்த அபத்தத்தை நிபுணர்களே உணர்ந்தார்கள். 1985இல் சுவிட்சர்லாந்தின் எங்கல்பெர்க் என்ற ஊரில் கூடி, நோய்ப்பரவல் சான்றுகளை எடுத்துவைத்துப் பேசினார்கள். அதன் விளைவாக 1989இல் உலக சுகாதார நிறுவனத்தின் புதிய வழிகாட்டி வந்தது: 100 மில்லிக்கு 1000 மலக் கோலிஃபார்ம் வரை, ஆனால் லிட்டருக்கு ஒரு புழுமுட்டைக்கு மேல் கூடாது. கிருமியில் தளர்வு, புழுவில் கண்டிப்பு. இதில் நியாயம் இருக்கிறது. பாக்டீரியா இலைமேல் வெயிலில் சில நாட்களில் செத்துப்போகும். உருண்டைப்புழுவின் முட்டையோ மண்ணில் மாதக்கணக்கில், ஏன், வருடக்கணக்கில்கூடக் காத்திருக்கும். நீரைக் குட்டைகளில் 8 முதல் 10 நாள் தேக்கினாலே முட்டைகள் படிந்துவிடும். இயந்திரம் வேண்டாம், மின்சாரம் வேண்டாம். கொஞ்சம் நிலமும் வெயிலும் போதும். தாப்பாவுக்குக் கிழக்கேயுள்ள மீன் குட்டைகளின் தத்துவம் ஜெனீவாவின் ஆவணத்தில் ஏற இவ்வளவு காலம் பிடித்தது.

2006இல் இன்னொரு திருப்பம். நீருக்கு ஒற்றை எண் என்பதையே கைவிட்டு, வயலிலிருந்து வாய்வரை பல தடைகள் என்ற முறைக்கு வழிகாட்டி மாறியது. கிருமி பத்தில் ஒரு பங்காகக் குறைந்தால் அது ஒரு படி. பச்சையாகத் தின்னும் காய்கறிக்கு மொத்தம் 6 அல்லது 7 படி குறைய வேண்டும். சொட்டுநீர் விட்டால் 2 முதல் 4 படி. அறுப்புக்கு முன் நீர் பாய்ச்சுவதை நிறுத்திவைத்தால் நாளொன்றுக்கு அரையிலிருந்து 2 படி. நல்ல நீரில் கழுவினால் 1. தோல் சீவினால் 2. சமைத்தால் ஒரேயடியாக 6, 7. நம் சமையலறைக் கணக்கில் சொன்னால், கீரை மசியலில் கிருமிப் பயம் இல்லை. பயப்பட வேண்டியது இறக்கிவைத்த ரசத்தின்மேல் தூவும் கொத்தமல்லிக்கும், பச்சையாக அரைக்கும் புதினாத் துவையலுக்கும், பச்சடியில் போடும் வெள்ளரிக்கும்தான்.

நடைமுறைக்கு ஏற்ற முறைதான். சுத்திகரிப்பு நிலையம் வரும்வரை கைகட்டிக் காத்திருக்காமல் இன்றைக்கே நோயைக் குறைக்க வழி சொல்கிறது. ஆனாலும் எனக்கு ஒரு நெருடல். ஒரு தடையை உழவர் போட வேண்டும், ஒன்றை வியாபாரி, ஒன்றைச் சமைக்கும் பெண். பாதுகாப்பு என்பது நகராட்சியின் கடமையிலிருந்து ஒவ்வொருவரின் ஒழுக்கத்துக்கு மெல்ல இடம்பெயர்கிறது. ‘நல்லாக் கழுவி சமைச்சீங்களா?’ என்ற கேள்வி முன்னுக்கு வர, ‘சாக்கடையை ஏன் சுத்தம் பண்ணல?’ என்ற கேள்வி பின்னுக்குப் போகிறது. ஃபூக்கோவை எடுத்துப் பேச வேண்டிய இடம் இதுதான். வழிகாட்டியை எழுதியவர்களின் நோக்கம் இதுவாக இருந்திருக்காது. நம் அரசுகள் அதைக் கையிலெடுக்கும் விதம் இப்படித்தான் இருக்கும்.

5

இத்தனை எண்களுக்கிடையிலும் இரண்டு விஷயங்கள் ஓரமாகவே நிற்கின்றன.

ஒன்று, கால். தின்பவருக்குப் புழு வாய் வழியாகப் போகிறது. விளைவிப்பவருக்குக் காலே வாசல். கொக்கிப்புழுவின் இளம்புழு ஈரமண்ணில் வெறுங்காலின் தோலைத் துளைத்து உள்ளே போகும். குடலைக் கவ்வி ரத்தம் உறிஞ்சும். சோகை, களைப்பு, பெண்களுக்குப் பேறுகாலத்தில் ஆபத்து. இந்திய நகரங்களின் சாக்கடைப் பண்ணைத் தொழிலாளர்களை ஆராய்ந்து 1970களின் தொடக்கத்திலேயே அறிக்கை வந்துவிட்டது: மற்றவர்களைவிட அவர்களிடம் கொக்கிப்புழுவும் உருண்டைப்புழுவும் வெகுவாக அதிகம். அதற்குப் பிறகு எந்த நகரத்தில் கலவரம் வந்தது, எந்தப் பத்திரிகை தலையங்கம் எழுதியது? கீரையில் புழு என்றால் செய்தி. கீரைக்காரர் வயிற்றில் புழு என்றால் அது புள்ளிவிவரம். மலக்குழிக்குள் மனிதர் இறங்கிச் சாவதை வேடிக்கை பார்க்கும் ஒரு சமூகம், அந்த மலம் பாயும் வயலில் நிற்கும் கால்களைப் பார்க்கும் என்று எதிர்பார்க்க முடியுமா?

மற்றது, உலோகம். கிருமியும் உலோகமும் ஒரே சாக்கடையில் வருவதால் ஒரே ஆபத்து மாதிரி பேசப்படுகின்றன. இரண்டின் பூர்வீகம் வேறு. கிருமி வீட்டிலிருந்து வருகிறது. நம் எல்லார் வயிற்றிலிருந்தும் வருகிறது. அதில் சமத்துவம் உண்டு. வெயில் அதைக் கொல்லும், அடுப்பும் கொல்லும். ஈயமும் காட்மியமும் குரோமியமும் பெரும்பாலும் பட்டறையிலிருந்து வருகின்றன. முலாம் பூசுகிற, பேட்டரி செய்கிற, தோல் பதனிடுகிற இடங்களிலிருந்து. இவற்றை வெயில் ஒன்றும் செய்யாது. கீரையை எவ்வளவு நேரம் வேகவைத்தாலும் காட்மியம் போகாது. இலைக்காய்கறிகள் அதை வேர்வழி எளிதாக உறிஞ்சிக்கொள்ளும். மனிதச் சிறுநீரகத்தில் புகுந்தால் பத்தாண்டுகளுக்கும் மேலாகத் தங்கும். ஜப்பானில் ஜின்சு ஆற்றுப் பாசனத்தில் நெல் விளைவித்த மக்களின் எலும்புகள் நொறுங்கிய ‘இதாய் இதாய்’ நோய்க்கு மேலேயிருந்த சுரங்கத்தின் காட்மியமே காரணம் என்று 1968இல் அந்நாட்டு அரசு ஒப்புக்கொள்ள வேண்டிவந்தது.

தாப்பாக் காய்கறிகளிலும் மண்ணிலும் ஆய்வாளர்கள் ஈயமும் காட்மியமும் குரோமியமும் கண்டிருக்கிறார்கள். அங்கே மேடே நகரக் குப்பை. வாய்க்காலிலோ டாங்ரா, டோப்சியா பகுதிகளின் தோல் ஆலைக் கழிவு பல பத்தாண்டுகள் ஓடியது. அந்த ஆலைகளை நகரத்துக்கு வெளியே மாற்றும்படி உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் உத்தரவிட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில்தான் அதே நீதிமன்றம் நம் பாலாற்றுத் தோல் ஆலைகள் பற்றிய வழக்கிலும் தீர்ப்புச் சொன்னது. தீர்ப்புகளுக்குப் பிறகும் மண்ணில் ஏறிய உலோகம் மண்ணிலேயே இருக்கிறது. அதற்கு மேல்முறையீடு கிடையாது.

பாரீஸின் கதையும் இப்படித்தான் முடிந்தது. நூறாண்டு விளைந்த அஷேர், பியர்லே சமவெளிகளின் மண்ணில் உலோகங்கள் சேர்ந்திருப்பது தெரிந்து, 1999–2000இல் அங்கே விற்பனைக்குக் காய்கறி விளைவிப்பது தடைசெய்யப்பட்டது. பாஸ்தர் பயந்த கிருமி அந்த நிலத்தைக் கொல்லவில்லை. தொழிற்சாலை கொன்றது. பியர்லேயில் இப்போது காடு வளர்க்கிறார்கள். தின்னும் பயிர் வேண்டாம், மரம் நிற்கட்டும் என்று.

இரண்டு ஆபத்துகளையும் ஒன்றாகக் குழப்புவதால் யாருக்கு லாபம்? 2015 ஜனவரியில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் யமுனைப் படுகையில் தின்னும் பயிர்களை விளைவிக்கத் தடைவிதித்தது, நதி சுத்தமாகும்வரை. டில்லி நகரமும் அதன் பட்டறைகளும் நதியை எப்போது சுத்தம் செய்யும் என்பது வேறு கதை. உழவர்மேல் மட்டும் தடை உடனே அமலுக்கு வரும். நதியைக் கெடுக்காதவர் தண்டம் கட்ட, கெடுத்தவர்களுக்குத் தவணை மேல் தவணை. பாதுகாப்புச் சொல்லாடல் இப்படித்தான் நிலத்திலிருந்து ஆளை அப்புறப்படுத்தும் கருவியாகிறது. காலியான படுகைமேல் யாருக்கெல்லாம் கண் விழும் என்று நான் எழுதித்தான் தெரியவேண்டும் என்பதில்லை.

6

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2021இல் வெளியிட்ட கணக்கின்படி இந்திய நகரங்களில் நாளொன்றுக்கு உருவாகும் கழிவுநீர் 7,236 கோடி லிட்டர். உண்மையில் சுத்திகரிக்கப்படுவது 2,023 கோடி லிட்டர். நூற்றுக்கு 28 பங்கு. மிச்சம் 72 பங்கும் ஆவியாகிப் போய்விடவில்லை. ஆற்றில் கலக்கிறது, வாய்க்காலில் இறங்குகிறது, வயலுக்குப் போகிறது. தெரிந்தோ தெரியாமலோ நாமெல்லாம் அதில் விளைந்ததைத் தின்றுகொண்டுதான் இருக்கிறோம். ‘தடை செய்’ என்பவர் இந்த நீர் வேறெங்கே போகவேண்டும் என்று சொல்லட்டும். ‘மரபறிவு’ என்பவர் அந்த மரபறிவின் வயிற்றிலுள்ள கொக்கிப்புழுவுக்குப் பதில் சொல்லட்டும்.

என் தரப்பு இதுதான். கிருமியையும் உலோகத்தையும் அரசியலில் பிரித்துப் பார்க்க வேண்டும். வீட்டுச் சாக்கடையையும் பட்டறைக் கழிவையும் ஒரே வாய்க்காலில் விடுவதை நிறுத்தவைக்கும் போராட்டமே முதல் போராட்டம். பட்டறை வாசலிலேயே உலோகம் தடுக்கப்படாவிட்டால் பின்னால் செய்வதெல்லாம் வீண். வீட்டுச் சாக்கடையை வயலுக்கு முன்னால் குட்டைகளில் பத்து நாள் தேக்கித் தருவது உழவரின் ஒழுக்கமோ திறமையோ சார்ந்த விஷயமன்று. நகராட்சியின் கடன், குடிநீர் தருவது போல. பூட்ஸ், குடற்புழு மருந்து, ஆண்டுதோறும் பரிசோதனை என்பவை தொழிலாளர் உரிமையாக எழுதப்பட வேண்டும். மண்ணைச் சோதித்து உலோகம் ஏறிய நிலத்தில் கீரையை நிறுத்தச் சொன்னால், இழப்பீடு உலோகத்தை இறக்கியவர் பையிலிருந்து வரவேண்டும். இத்தனைக்கும் அடிப்படை, அந்த நிலத்தில் விளைவிப்பவருக்குச் சட்டப்படி ஓர் உரிமை. நாளைக்குக் கட்டடம் வந்து விரட்டும் என்று தெரிந்தவர் எதற்காகக் குட்டையைத் தூர்வாருவார்?

‘திங்கலாமா?’ என்று கேட்பது தவறில்லை. அது தின்பவரின் உரிமை. அந்தக் கேள்விக்கு நேர்மையான பதிலும் இருக்கிறது: பச்சையாக வேண்டாம், நன்றாகக் கழுவி வேகவைத்துத் தின்னுங்கள், பட்டறைச் சாக்கடை பாயும் பகுதிக் கீரையைத் தவிருங்கள். இந்தப் பதிலோடு வீட்டுக்குப் போய்விடுகிறவர் நுகர்வோர். அந்தத் தண்ணீரில் யார் நிற்கிறார், அதில் விஷத்தை யார் விட்டார் என்று கேட்டுக்கொண்டு வாய்க்கால் ஓரமாக மேலே நடந்து போகிறவருக்குத்தான் இந்தக் கட்டுரை எழுதப்பட்டது.